தட்டுப் பிடித்தவன்

தைலம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் இடது தோள்தான் துடிக்கும். ஒருமுறை உடைந்து சரியாகக் கூடாத எலும்பு அது. அன்றைக்கு வி.ஏ.ஓ. அவள் மகளின் மனுவை இரண்டு விரல் நுனியில் பிடித்து, ஈரச் சாக்கைத் தூக்குகிற மாதிரித் திருப்பித் தந்தபோது அந்தத் தோள் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

“ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரு கையெழுத்து வேணும்மா. இன்ன சாதிதான்னு அவங்க எழுதிக் குடுக்கணும். அதோட அப்பா பேரு போடற எடம் காலியா இருக்குது. நான் இன்னா பண்ணட்டும்?”

“எங்க சாதி உங்களுக்குத் தெரியாதா சார்? எட்டு வருசமா இந்த ஊர்லதான உத்தியோகம் பாத்துக்கினு இருக்கீங்க?”

“உன்னுது தெரியும். உம் பொண்ணுது?”

கேட்டுவிட்டு வெற்றிலை துப்ப எழுந்து வெளியே போனார். திரும்பி வருவதற்குள் அவள் போயிருப்பாள் என்று நினைத்தார் போல. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் ஏதோ ஒரு பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, ஆனி மாதம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டுமென்று சங்கம் ஒரு வாரம் சாலைகளை மறித்தது. மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். பஸ் ஓடவில்லை. செத்தவர்கள் செத்தார்கள், ஜெயிலுக்குப் போனவர்கள் போனார்கள். இந்த வருஷம் அரசாங்கம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று புதுப் பட்டியல் போட்டு நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கியது. கள்ளக்குறிச்சியிலிருந்து ரிஷிவந்தியம் போகிற வழியில் இருக்கும் சின்னானந்தலில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் படித்த பெண் ஒருத்திதான். தைலம்மாளின் மகள் மணிமொழி. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். ஆசிரியர் பயிற்சிக்கு ஜூலை முப்பத்தொன்றுக்குள் மனு போய்ச் சேரவேண்டும், சாதிச் சான்றிதழோடு. சான்றிதழ் இல்லாமல் அவள் மார்க்குக்கு இடம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் அம்மாவைப் போல அவளும் கரும்பு வெட்டப் போகவேண்டியதுதான்.

தைலம்மாள் ஊர் நாட்டாமையிடம் போனாள். டீக்கடை பெஞ்சில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார் அவர்.

“அப்பன் யாருன்னே தெரியாத புள்ளைக்கு நம்ம பங்க எப்பிடிம்மா குடுக்கறது? சண்ட போட்டு வாங்கின பங்கு” என்றார்.

“மலையில போயிப் பெத்துக்கினு வந்தா. எந்த மலைக்காரனுதோ” என்றான் பெஞ்சின் கோடியில் இருந்த ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

சண்டை போட்டு வாங்கிய பங்கு! அந்தச் சண்டையில் இந்தப் பெஞ்சில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் மாமியார் வீட்டுக்கு ஓடிப் போயிருந்தார்கள். தைலம்மாள் ஓடவில்லை. ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்த அன்று கயிறு பிடித்து இழுத்த பதினொரு பேரில் பெண் அவள் ஒருத்திதான். மரம் நினைத்த பக்கம் விழவில்லை. செல்லமுத்து என்பவன் அடிமரத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தான். கிளை ஒன்று தைலம்மாளின் தோளை உடைத்தது. கழுத்தில் துண்டைக் கட்டிக் கையைத் தொங்கவிட்டபடி ஒன்பது நாள் ஜெயிலில் இருந்தாள். அப்போது யாரும் அவள் பிள்ளைக்கு அப்பன் யார் என்று கேட்கவில்லை. பெண்கள் முன்னால் நின்றால் அடி குறைச்சலாக விழும் என்று அவளை முன்னால் தள்ளிவிட்டவரே இந்த நாட்டாமைதான்.

அப்பன் யார் என்ற கேள்வி பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஊர் கூடிக் கேட்ட கேள்வி.

சின்னானந்தலில் ஒரு வழக்கம் உண்டு. உண்மை தெரியவேண்டும் என்றால் போலீசுக்குப் போகமாட்டார்கள். திரௌபதி அம்மன் கோயில் வாசலில் தட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள். சந்தேகத்துக்கு ஆளானவன் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, “நான் இல்லை” என்று சத்தியம் செய்யவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்று நம்பினார்கள். தைலம்மாளுக்கு அப்போது இருபது வயது. கல்யாணம் ஆகவில்லை, வயிற்றில் ஐந்து மாதம். எவ்வளவு மிரட்டியும் பெயரைச் சொல்லமாட்டேன் என்று நின்றாள். அதனால் வயதுக்கு வந்த ஆண்கள் எல்லாரும் கற்பூரம் அணைக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அறுபத்து மூன்று பேர் வரிசையாக வந்து அணைத்தார்கள். கட்டி தீரத் தீரப் புதுக் கற்பூரம் வைத்தார்கள். செல்லமுத்துவும் அணைத்தான். அவன் அடித்த அடியில் தட்டே குலுங்கியது.

தட்டைப் பிடித்து நின்றவன் தனசேகரன். கோயில் தர்மகர்த்தாவின் மகன், ஊரின் முதல் பி.ஏ., சுத்தமான கை என்று பெரியவர்கள் பொறுக்கி எடுத்த கை. தட்டைப் பிடிக்கிறவன் எப்படித் தட்டில் அடிப்பான்? அவனையும் அணைக்கச் சொல்லவேண்டும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அறுபத்து மூன்று உள்ளங்கைகள் கறுத்தன. அறுபத்து நாலாவது கை தட்டுக்கு அடியில் இருந்தது. அது நடுங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். “பாவம், சூடு தாங்கல. எத்தினி நாழியா நின்னுக்கினு இருக்கான்” என்று ஒரு பெரியவர் தன் துண்டை மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தார். தைலம்மாள் எதிரே நின்று அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதே அவள் சொல்லியிருக்கலாம். தங்கச்சி கல்யாணம் முடியட்டும், நானே ஊரைக் கூட்டிச் சொல்கிறேன் என்று அவன் அவள் காலைப் பிடித்து அழுதிருந்தான். நம்பினாள். தங்கச்சி கல்யாணம் முடிந்தது. அவன் கல்யாணமும் முடிந்தது, வேறு ஒருத்தியோடு. அதற்குப் பிறகு அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. கேட்டு வாங்குகிற வார்த்தை எனக்கு எதற்கு, அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தாள். வீம்பு பிடித்தவள்தான். ஆனால் அவளை விட்டால் அவளுக்காக வேறு யார் வீம்பு பிடிப்பார்கள்?

ஊர் அவளை ஒதுக்கியது. தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்னால் மேளத்தோடு வீடு வீடாக வந்து வேப்பிலை செருகுவார்கள். அவள் வீட்டுக்கு வேப்பிலை கிடையாது. மேளக்காரன் மறந்துபோய் நின்றுவிடக் கூடாது என்று அவள் நிலைக்கதவில் கரியால் ஒரு கோடு போட்டார்கள். மழையில் கரைந்தால் அடுத்த வருஷம் மறுபடி வந்து போட்டார்கள். மூன்றாவது வருஷம், ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தார் ஒரு கொட்டாங்கச்சி எடுத்துவந்து அவளே பட்டையாக இழுத்துவிட்டாள். “வருசா வருசம் உங்களுக்கு எதுக்கு செரமம்?” என்றாள். மலேரியா மருந்து அடிக்க வந்தவன் அதை மருந்து அடித்த வீட்டுக்குத் தன் இலாகா போடும் அடையாளம் என்று நினைத்து அடிக்காமலே போய்விட்டான் என்பது வேறு கதை.

பிள்ளைப்பேற்றுக்கு அவள் கல்வராயன் மலைக்குப் போனாள். கீழே நாற்று நட வரும் ராணியம்மாள் என்ற மலைக்காரி ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும். வெள்ளிமலைக்கும் மேலே நடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அவள் குடிசை வாசலில் நின்றபோது ராணியம்மாள் வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “சாமைச் சோறு இருக்குது, துன்றியா?” என்றாள். அந்த மலையில் இருந்த ஆறு மாதமும் அவளைக் கேட்ட கேள்வி அந்த மாதிரிக் கேள்விகள்தான். அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் கீழே அவள் அப்பன் கட்டிய வீடு இருந்தது. என் வீட்டை விட்டு நான் ஏன் ஓடவேண்டும் என்று மூன்று மாதப் பிள்ளையோடு இறங்கி வந்தாள்.

தனசேகரன் இதற்குள் தலைவர் ஆகியிருந்தான். சங்கத்துக்கு வட்டாரச் செயலாளர். மேடையில் மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுவான். “நம்ம புள்ளைங்க, நம்ம ரத்தம்” என்று அவன் சொல்லும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவன் செருப்புப் போடுவதில்லை. சனிக்கிழமை சோறு தின்பதில்லை. நமக்குப் பங்கு கிடைக்கும்வரை செருப்புப் போடமாட்டேன் என்று சமுதாயத்துக்காக எடுத்த சபதம் என்று ஊர் பேசிக்கொண்டது. அவன் அப்படிச் சொன்னதில்லை. ஊர் சொன்னபோது இல்லை என்றும் சொன்னதில்லை. வெயில் காலத்தில் தார் ரோட்டில் அவன் வெறுங்காலோடு ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பதைப் பார்த்துச் சிலர் அந்த மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். எந்த வருஷத்திலிருந்து செருப்பு இல்லை என்று தைலம்மாளுக்குத் தெரியும். கணக்குப் போட அவளிடம் ஒரு பெண் வளர்ந்துகொண்டிருந்தாள்.

பட்டியல் வந்த முதல் வாரத்திலேயே அவனுடைய இரண்டு மகன்களுக்கும் சான்றிதழ் வந்துவிட்டது. ஒருவன் ஒன்பதாவது, இன்னொருவன் ஏழாவது. இப்போது அவசரமே இல்லாத பிள்ளைகள்.

மனுவை வி.ஏ.ஓ. திருப்பித் தந்த மூன்றாம் நாள் தனசேகரன் அவளைக் கள்ளக்குறிச்சியில் இருந்த சங்க அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினான். கூட இருந்தவர்களை டீக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பாதி சாத்தினான்.

“வி.ஏ.ஓ. சொன்னாரு. மனுவைப் பாத்தேன்.”

“அப்ப கையெழுத்துப் போடு. நீ ஊர்ப் பெரியவன்தான?”

“நான் மட்டும் தனியாப் போட்டா ஊரு இன்னா பேசும்? கொஞ்சம் பொறுமையாக் கேளு தைலம். ஒரு வழி இருக்குது. செல்லமுத்து.”

அவளுக்குப் புரியவில்லை.

“செல்லமுத்து பேரை அப்பா பேருன்னு எழுதிடலாம். செத்தவன் எழுந்து வந்து இல்லன்னு சொல்லப் போறதில்ல. தியாகி பொண்ணுன்னா ஊரும் வாயை மூடிக்கும். தாசில்தாரு அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாரு. நானே சாட்சி போடறேன்.”

“அவன் கற்பூரம் அணைச்சவன்யா. உள்ளங்கை கொப்புளத்தோட பத்து நாளு ஏர் புடிச்சான்.”

தனசேகரன் மேசைமேல் இருந்த ரசீதுப் புத்தகத்தை நேராக்கி வைத்தான். “நான் மட்டும் நிம்மதியா இருக்கேன்னு நெனச்சியா? இத்தினி வருசமா கால்ல செருப்பு இல்ல. பித்தவெடிப்புல ரத்தம் வருது. நான் படறது அம்மனுக்குத் தெரியும்.”

“அம்மனுக்குத் தெரியறது இருக்கட்டும். கால தண்டிச்சிக்கினு வாயைப் பத்திரமா வெச்சிக்கினியா? எம் பொண்ணு கேட்டது உன் கால் ரத்தத்தையா?”

வெளியே டீ கிளாஸ் சத்தம் கேட்டதும், “திங்கக்கெழமை பத்து மணிக்கு தாலுக்கா ஆபீசு. பச்சையம்மா கிட்ட பேசிட்டேன், அவளுக்கும் சம்மதம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தான்.

பச்சையம்மாள் செல்லமுத்துவின் மனைவி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தைலம்மாள் தன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு பெயர்தானே. செத்தவனுக்கு வலிக்காது. மகளுக்கு வேலை கிடைக்கும், வெள்ளைப் புடவை கட்டிப் பள்ளிக்கூடம் போவாள், அரிவாளைத் தொடமாட்டாள். ஊரில் இறங்குவதற்குள் சரி என்று முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்த பிறகும் தோள் துடிப்பது நிற்கவில்லை. மணிமொழியிடம், “உங்கப்பா பேரு அங்க சொல்லுவேன். கேள்வி கேக்காத” என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை தாலுக்கா ஆபீஸ் வராந்தாவில் கூட்டம். எல்லார் கையிலும் சான்றிதழ் மனு. தூணோரம் பச்சையம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். கையில் கல்யாண போட்டோ, கண்ணாடி போட்டது. சுவரிலிருந்து கழற்றி எடுத்து வந்திருக்கிறாள். தைலம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நீ சம்மதிச்சியாமே பச்சை?”

“சம்மதிக்காம? எனக்கு மில்லுல வேலைக்கி எழுதித் தரேன்னு சொல்லிக்கினு இருக்காரு தலைவரு. மாட்டேன்னா தியாகி லிஸ்டுல இவரு பேரு இருக்காதுன்னு ஆள் வுட்டுச் சொன்னாரு.” போட்டோவைத் திருப்பி மடியில் கவிழ்த்துக்கொண்டாள். “யக்கா, ஒண்ணு மட்டும் சொல்லு. நான் யாருக்கும் சொல்லமாட்டேன். எங்க வூட்டுக்காரரு கற்பூரம் அணைச்சாரே, அது பொய்யா? பன்னெண்டு வருசம் என்கூட இருந்துட்டு எங்கிட்டயும் மறச்சாரா?”

தைலம்மாள் கவிழ்ந்து கிடந்த போட்டோவைப் பார்த்தாள். ஒருத்தி தலையில் போட்டது போதாதா இந்த ஆளுக்கு? அவள் பதினேழு வருஷம் சுமந்ததை இறக்கி, புருஷனைப் பறிகொடுத்த இன்னொருத்தி தலையில் ஏற்றி வைக்க அவளே வந்து வரிசையில் நிற்கிறாளே! கரிக்கோடு இனிப் பச்சையம்மாள் வாசலுக்குப் போகும். செத்தவன் பொய்ச் சத்தியக்காரன் ஆவான். தட்டைப் பிடித்தவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேடைக்குப் போவான்.

“பொய்யில்ல” என்றாள். “உன் புருசன் கை சுத்தமான கை. போட்டோவை நேரா வெய்யி.”

தாயையும் மகளையும் உள்ளே கூப்பிட்டார்கள். தாசில்தார் கறுப்புச் சட்டக் கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனிதர். பக்கத்தில் எழுதிக்கொள்ளக் குமாஸ்தா. தனசேகரன் வெள்ளை வேட்டியும் மஞ்சள் துண்டுமாக நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தான்.

“பிறந்த ஊரு?” என்றார் குமாஸ்தா.

“கல்வராயன் மலை.”

“அப்ப மலைசாதின்னு கேக்க வேண்டியதுதானம்மா? அதுல இன்னும் சுளுவா சீட்டு கெடைக்குமே” என்று சிரித்தார் குமாஸ்தா.

“மலையில எனக்கு சோறு போட்டாங்க சார். போட்டவங்க பங்கையும் புடுங்கிக்கச் சொல்றீங்களா?”

தாசில்தார் குமாஸ்தாவை ஒரு பார்வை பார்த்தார். குமாஸ்தா பேனாவை உதறினார். “சரி. தகப்பனார் பேரு?”

தனசேகரன் தொண்டையைச் செருமினான். அவன் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

“தனசேகரன்.”

குமாஸ்தா நிறுத்தினார். “சாட்சி பேரு அப்புறம் எழுதிக்கலாம்மா. இப்ப கேக்கறது அப்பா பேரு.”

“அத்தத்தான் சொன்னேன். ரெண்டும் ஒரே ஆளுதான்.”

மணிமொழி அம்மாவைப் பார்த்தாள், பிறகு நாற்காலியைப் பார்த்தாள். குமாஸ்தாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நம்ம பக்கத்துப் பொம்பளைங்க புருசன் பேரை வாயால சொல்லமாட்டாங்களே” என்றார்.

“தாலி கட்டினவன் பேரத்தான் சார் சொல்லக்கூடாது. இந்தாளு எனக்குக் கட்டலியே. தாராளமா சொல்லலாம். இன்னொருக்கா சொல்லட்டுமா?”

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். “ஏங்க, இந்தம்மா சொல்றது உண்மையா?”

“சார், இது பொது எடம்…”

“ஆமாவா, இல்லையா?”

மூன்று மணி நேரம் பேசுகிற வாய் அது. ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டான்.

தாசில்தார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: “இன்னிக்கே குடுக்க முடியாதும்மா. உன் வாக்குமூலத்தை உங்க ஊர்ச் சாவடியில ஒட்டுவோம். பதினஞ்சு நாள். யாருக்கு ஆட்சேபணை இருந்தாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம். அவர் இல்லைன்னு எழுதிக் குடுத்தா இந்த மனு நிக்காது. எழுதலைன்னா சான்றிதழ் வரும். உன் சாதிக்கு மட்டும் ஒரு சாட்சி வேணும்.”

“நான் போடறேன் சார்.” பச்சையம்மாள் எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. “இவங்கம்மா செத்தப்ப எங்க வூட்டு ஆம்பளைங்கதான் தூக்கினு போயிப் பொதைச்சாங்க. சாதிக்கு இதுக்கு மேல இன்னா சாட்சி?”

பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் மணிமொழி வாயைத் திறந்தாள். “எங்க ஸ்கூலுக்குப் பரிசு குடுக்க வருவாரும்மா. எல்லாருக்கும் ஒரு பேனா. எனக்கு மட்டும் ரெண்டு. நான் நல்லா படிக்கறதுக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“இன்னிக்கி நான் வாயை மூடிக்கினு இருந்திருந்தா சர்ட்டிபிகேட் இப்ப உன் கையில இருக்கும். கெடைக்காமப் போனா என்னைத் திட்டு” என்றாள் தைலம்மாள்.

“திட்டமாட்டேன். எனக்கு முன்னாடியே சொல்லலன்னுதான் கோவம்.”

சாவடிச் சுவரில் தாள் ஒட்டப்பட்டது. ஊர் கொதித்தது. கொதித்தது அவள் மேல்தான், அவன் மேல் இல்லை. தெய்வம் மாதிரி இருக்கிற தலைவரை ஒரு கரும்பு வெட்டுகிறவள் அசிங்கப்படுத்திவிட்டாள் என்றார்கள். அவள் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. நாட்டாமை நல்ல வெள்ளைத் தாளில் ஆட்சேபணையைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு நாலு பேரோடு தனசேகரன் வீட்டுக்குப் போனார். “கையெழுத்து மட்டும் போடுங்க தலைவரே. மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

நாளைக்கு என்றான் தனசேகரன். மறுநாள் செயற்குழுக் கூட்டம் என்றான். ஐந்தாம் நாள் திருக்கோவிலூருக்குப் போய்விட்டான். எட்டாம் நாள் திரும்பி வந்து ஜுரம் என்று படுத்துக்கொண்டான். தாளும் பேனாவும் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்தன. அவனுக்கு ஒரு பெருமை இருந்தது, அது தைலம்மாளுக்குத் தெரியும். இதுவரை அவன் பொய் சொன்னதில்லை. யாரும் அவனைக் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது கேட்டுவிட்டார்கள். இல்லை என்று தன் கையால் எழுதினால் அந்தப் பெருமையும் போய்விடும். அதை மட்டும் அவனால் விடமுடியவில்லை. அதற்குப் பெயர் நேர்மை என்று அவன் நினைத்திருக்கலாம்.

பத்தாம் நாளுக்குப் பிறகு கல் விழுவது நின்றது. குழாயடியில் பெண்கள் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள். “ஒரு கையெழுத்துப் போட இத்தினி நாளா?” என்று யாரோ கேட்டுவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் நாட்டாமை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தன் வலது உள்ளங்கையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அன்னிக்கி அவன் அணைக்கவே இல்லியேடா” என்றார் பக்கத்தில் இருந்தவனிடம். அப்புறம் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். பதினேழு வருஷம் கழித்து வந்த ஞானம். அதற்காகத் தைலம்மாளிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல அவருக்கும் கால் வரவில்லை.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் வி.ஏ.ஓ. தாளைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தார். ஆட்சேபணை ஏதும் வரவில்லை. இரண்டு நாளில் சான்றிதழ் வந்தது. மணிமொழி அதை மனுவோடு சேர்த்துத் தபாலில் போட மறுநாள் காலை கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள்.

நண்பகல் இருக்கும். ஊர் சனம் வயல் வேலைக்குப் போயிருந்த நேரம். தைலம்மாள் உலையில் அரிசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது பின்கட்டு வாசலில் தனசேகரன் நின்றான். வேட்டியில் கரும்புச் சோகை ஒட்டியிருந்தது.

“சர்ட்டிபிகேட் வந்துடிச்சாமே.”

“வந்துது.”

“நான் ஆட்சேபணை எழுதல, பாத்தியா தைலம்? ஊரே பேனாவை நீட்டுச்சு. நான் தொடல.”

அவன் முகத்தில் என்னமோ மினுமினுத்தது. தன் நன்றிக்காகக் காத்து நிற்கிறான் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பதா, கொள்ளிக்கட்டையை எடுப்பதா என்று தெரியவில்லை.

“சும்மா இருந்ததுக்கு நான் உன்னைக் கும்புடணுமா? பதினேழு வருசமா நீ செஞ்சிக்கினு இருக்கறதே அதுதானய்யா.”

“மன்னிச்சிடுன்னு கேக்கத்தான் வந்தேன்.”

“எந்தப் பக்கமா வந்தே?”

“கரும்புக் கொல்லை வழியா.”

“அன்னிக்கும் அந்த வழியாத்தான் வந்தே. எம் வூட்டுக்கு முன்வாசல்னு ஒண்ணு இருக்குது. தெருவுல இருக்குது. தெருவைச் சுத்தி வா. நாலு பேரு பாக்கட்டும். பச்சையம்மா வூட்டு வாசல்லயும் நின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா. வந்து, இப்ப கேட்டியே, அத்த அங்க நின்னு கேளு. மன்னிக்கறதா வேணாமான்னு அப்ப பாக்கறேன்.”

“பட்டப்பகல்லயா?”

“பட்டப்பகல்லதான்.”

அவன் அவளைத் தாண்டி, இருட்டான நடை வழியாகத் தெரிந்த தெரு வெளிச்சத்தைப் பார்த்தான். பிறகு திரும்பினான். சோகைகள் சரசரக்கும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

தைலம்மாள் உள்ளே போய் முன்வாசல் கதவின் இரண்டு பலகையையும் விரியத் திறந்து சுவரோடு சாத்தினாள். கொல்லையைச் சுற்றித் தெரு வழியாக வர நூறு அடி இருக்கும். உலை கொதித்தது. வடித்தாள். குழம்பைக் கூட்டி இறக்கினாள். தெருவில் ஆடு ஓட்டிக்கொண்டு ஒருவன் போனான், தண்ணீர்க் குடத்தோடு இரண்டு பெண்கள் போனார்கள். வேறு யாரும் வரவில்லை.

இரண்டரை மணி பஸ்ஸுக்கு மணிமொழி வந்தாள். ரசீதை அம்மாவிடம் நீட்டினாள். “ரிஜிஸ்தர்ல போட்டுட்டேம்மா. இன்னா, கதவை இப்பிடித் தொறந்து போட்டுக்கினு உக்காந்திருக்கே? யாராவது வராங்களா?”

“உங்கப்பன வரச் சொன்னேன்” என்றாள் தைலம்மாள். “ஏழு நாளு ரோட்டை மறிச்ச ஆளு. இந்தத் தெருவுல நூறு அடி நடக்க அவனால முடியல. நீ வா, சோறு துன்னு.”